கடலோரத்தில் மலை ஏது

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

அம்மா. அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா. அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத வீடு, எங்கள் பக்கம் பேச ஒரு ஆண் வேண்டும் என்று நைனார்பாளையத்திலிருந்து கூப்பிட்டிருந்தோம். வந்ததிலிருந்து வெற்றிலைதான் மென்றார். பேசவில்லை.

எனக்குப் பார்த்த பெண்ணின் அப்பா. தியாகதுருகம் பக்கம் குத்தகை நிலத்தில் கரும்பு வைக்கிறவர்.

பெண்ணின் அத்தை. அவருக்கு அக்கா. ஒல்லியான ஆள், கெட்டிக் கண்ணாடி.

பெண்ணின் அண்ணன். கையில் செல்போன்.

என் தங்கை இல்லை. அவள் இத்தாலியில் ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். வந்தவர்கள் அவளைப் பற்றித்தான் கேட்க வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்துப்போனால் கை நனைப்பார்கள். அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா விடியலிலேயே இட்லி மாவைக் கலக்கி வைத்துவிட்டாள். பெண்ணின் அப்பா தண்ணீர் பாட்டிலைத் தன் பையிலேயே கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து எடுத்து, குடித்து, மூடி, திரும்பப் பையில் வைத்தார்.

நான் எட்டாவது வரை படித்தேன். லோடு வண்டி ஓட்டுகிறேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்து சின்னசேலம் பக்கம் மில்லில் இறக்குவேன். நிலம் கிடையாது. நிலம் இல்லாதவனுக்குப் பெண் கிடைப்பது இப்போது கஷ்டம். இதற்கு முன்னால் வந்த இடங்கள் எல்லாம் அதிலேயே போயின.

இந்தப் பெண் கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பெண் பார்க்கப் போனபோது காபி டம்ளரை வைத்துவிட்டு நேராக என்னிடமே கேட்டாள்.

“மலை ரோட்டுல தெனம் வண்டி ஓட்டுறீங்களே, பயமா இருக்காதா?”

“இருக்கும்” என்றேன்.

சிரித்தாள். எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஆனி மாதம் முடியப்போகிறது. ஆடி பிறந்தால் யாரும் கல்யாணப் பேச்சு பேச மாட்டார்கள். ஆடி கழிவதற்குள் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கே முடிவாக வேண்டும்.

தங்கை கதைக்கு வருகிறேன். அவள் எனக்கு நேர்மாறு. படிப்பு தானாக வந்தது. மண்ணைப் பற்றி மேல்படிப்பு படிக்க உதவித்தொகை கிடைத்து இத்தாலி போனாள். அங்கே கோடை விடுமுறை நீளம். ஊருக்கு வருவாள் என்று அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள். அவள் வரவில்லை. விமானச் சீட்டு விலை ஜாஸ்தி என்றாள். ஹாஸ்டல் கேன்டீனில் வேலை செய்து சேர்த்ததை வைத்து, கடலோரமாகவே ரயிலில் போகப்போகிறேன் என்றாள். இத்தாலியில் ஆரம்பித்து, பிரான்சு வழியாக, ஸ்பெயின் வரைக்கும். மத்தியதரைக் கடலாம்.

“எதுக்குப் போற?” என்று கேட்டேன்.

“பாக்கத்தான்.”

“பாத்து?”

“பாத்துட்டு வர்றதுதான், அண்ணா.”

எனக்கு அது இறங்கவில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போவது மாசி மகத்துக்கு. இல்லையென்றால் அஸ்தி கரைக்க. கருவாடு வியாபாரம் செய்கிறவர்கள் போவார்கள். காரணம் இல்லாமல் ஒரு பெண் கடலையே பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் போவாளா? ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே பட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

அவள் தினமும் படமும் குரலும் அனுப்பினாள். ஒரு ஸ்டேஷனில் பிளாட்பாரம் முடிகிற இடத்திலேயே கடல் ஆரம்பித்தது. வீடுகள் கொலு வைத்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு. “மணலே இல்ல அண்ணா, கூழாங்கல்லுதான். அது மேல படுத்துக்கினு வெயில்ல காயுறாங்க. நம்ம ஊர்ல ரோட்டுல மொளகா காய வெக்கிற மாதிரி.” எலுமிச்சை மரம் ரயில் ஜன்னலுக்குக் கை எட்டுகிற தூரத்தில் காய்த்திருக்கிறது என்றாள். அம்மா அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

நான் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அவள் இருந்தாள். அப்படியென்றால் எடுத்தது யார்? ஒரு படத்தில் எடுத்தவரின் நிழல் தரையில் விழுந்திருந்தது. ஒட்ட வெட்டிய தலை. ஆம்பிளைத் தலை. இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். பதிலுக்கு நான் தயாராக இல்லை.

அவள் அனுப்பியதிலேயே நல்ல படம் ஒன்று. ரயில் ஜன்னலில் சாய்ந்திருக்கிறாள், பின்னால் முழுக்க நீலம். அதை என் ஸ்டேட்டஸில் போட்டேன். பெண்ணின் அண்ணன் நம்பர் என் போனில் இருந்தது. அவர் பார்த்தார். அத்தையிடம் காட்டினார். அத்தை பெரிதாக்கச் சொன்னார். மறுநாளே போன் வந்தது. வீடு பார்க்க வருகிறோம், கொஞ்சம் பேசவும் வேண்டும்.

இப்படித்தான் அவர்கள் எங்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

“அந்தப் போட்டோவ எட்றா” என்றார் அத்தை. பெண்ணின் அண்ணன் எடுத்து நீட்டினார். “நல்லா பெருசாக்கு. கழுத்தாண்ட. ஆங். இன்னாது இது? மஞ்சளா ஓடுது பாரு. சட்டைக்குள்ள போவுது.”

“செயினா இருக்கும்ங்க” என்றார் மாமா. அன்று அவர் பேசிய முதல் பேச்சு.

“செயினு மினுக்கும். இது மினுக்கல. கயிறு. கயிறு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போட்டுக்கினு கீறேன்.”

அம்மா நிலைப்படியை விட்டு ஓரடி வந்தாள். “என் பொண்ணு அப்படியெல்லாம் பண்ணாது அக்கா.”

“எந்தப் பொண்ணும் பண்ணாது. பண்ற வரைக்கும்.”

பெண்ணின் அப்பா தணிந்த குரலில்தான் பேசினார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு அங்கயே தாலி கட்டிக்கிச்சின்னா கட்டிக்கிச்சின்னு சொல்லிடுங்க. அது உங்க வூட்டு விஷயம். ஆனா அத மறைச்சிட்டு எங்க பொண்ணக் கேட்டு வரக்கூடாது. நாளைக்கு ஊரு பேசும். பேசினா எம்பொண்ணு காதுலதான் வுழும். இன்னா தம்பி?”

“மறைக்கல” என்றேன்.

“அப்ப போன் போடு” என்றார் அத்தை. “மூஞ்சி தெரியுற மாதிரி போடு. ஸ்பீக்கர வை. நாங்க கீறோம்னு மட்டும் சொல்லாத.”

அது பொறி. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் போட்டேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அங்கே அப்போதுதான் காலை. எடுத்தாள். நான் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். மற்றவர்கள் போனுக்கு அந்தப் பக்கம், மூச்சு விடாமல்.

“அண்ணா! இன்னா இந்நேரத்துல? லோடு இல்லியா?”

“இல்ல. எங்க கீற?”

“ரயில்லதான். இரு, கடலக் காட்டறேன், ஜன்னலுக்குக் கீழயே...”

நீலம் ஒரு நொடி வந்தது. உடனே இருட்டு. படம் நின்றது. அறுந்தது.

“கட் பண்ணிட்டா” என்றார் அத்தை.

திரும்பப் போட்டேன். “குகை வந்துட்டுது அண்ணா. உள்ள போனா டவர் போயிடும். சொல்லு.”

“உன் கழுத்துல இன்னா அது?”

அவள் வாய் திறந்தபடி படம் நின்றது. இருட்டு. அறுந்தது.

“பாத்தியா? கேள்வி கேட்டதும் கட்டு” என்றார் அத்தை.

பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “குகையா? கடலோரத்துல மலை ஏது? மாசி மகத்துக்கு வருசா வருசம் கடலூர் போறேன். தேவனாம்பட்டணத்துல நின்னு பாத்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணலுதான். ஒரு கரடு கெடயாது.”

“அந்த ஊர்ல இருக்குமோ இன்னாவோ” என்றார் மாமா.

“இருந்தாலும் எவன் அதக் கொடைவான்? நம்ம கல்வராயன் மலைக்கு எத்தினி ரோடு போட்டானுங்க. ஒருத்தனாவது மலையக் கொடைஞ்சானா? சுத்திக்கினுதானே போறோம்? தம்பி, தெனம் போற, நீயே சொல்லு.”

“சுத்திக்கினுதான் போறோம்” என்றேன். வேறு என்ன சொல்வது.

பெண்ணின் அண்ணனும் சேர்ந்துகொண்டார். “சின்னசேலத்துல ரயில் ஏறி விருத்தாசலம் வரைக்கும் போறேன் வர்றேன். ஒரு குகை இல்ல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அம்மாவின் பார்வைதான் கஷ்டமாக இருந்தது. உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிற பார்வை. எனக்கு அந்த நிழல் தெரியும்.

போன் அடித்தது. அவளே கூப்பிட்டாள்.

“கட் பண்றவ திரும்பக் கூப்புடுவாளா?” என்று பெண்ணின் அப்பா அக்காவிடம் கேட்டார். சும்மா இரு என்று அத்தை கையைக் காட்டினார்.

“இன்னா கேட்ட? கழுத்துலயா?” தங்கையின் குரல் மாறியிருந்தது. “தாலியான்னு கேக்க வர்ற. அதானே? நேராக் கேளேன். இதுக்குத்தான் ரெண்டு நாளா மெசேஜுக்குப் பதில் போடாம உம்முனு கீறியா? தாலி கட்டிக்கினா அத நானே வெளிய தெரியுற மாதிரி போட்டுக்கினு, போட்டோ புடிச்சி, உனக்கே அனுப்புவனா? அவ்ளோ கூமுட்டையா நானு?”

இருட்டு. அறுந்தது.

மாமா வெற்றிலையைத் துப்ப எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

மறுபடியும் அடித்தது.

“எங்க விட்டேன்?”

“கூமுட்டை” என்றேன்.

மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையில் தட்டினாள். பெண்ணின் அப்பா மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார்.

“ஆங். கணக்கு வாத்தியாருக்குப் பயந்துக்கினு எட்டாவதோட நின்னவன், என்னக் கணக்கு கேக்குறான். நல்லாப் பாத்துக்க.” சட்டைக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் கயிற்றை இழுத்தாள். நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணிப் பை ஆடியது. “பாஸ்போர்ட் பை. இந்தப் பக்கம் ரயில்ல பை அறுக்கிறவங்க ஜாஸ்தி. கழுத்துல மாட்டி உள்ள போட்டுக்கச் சொல்றாங்க. கடையில கருப்புக் கயிறு இல்ல, இந்தக் கலருதான் இருந்துச்சி. போதுமா? இல்ல பிரிச்சி உள்ள கீறதயும்...”

இருட்டு.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பைய யாரு வேணா காட்டலாம்” என்றார் அத்தை. “அதக் கழட்டி வெச்சிட்டு இத மாட்டிக்கினா?”

“அக்கா, நீ ஒண்ணு” என்றார் பெண்ணின் அப்பா.

“நான் சொல்லலடா. ஊரு சொல்லும்.”

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் தோன்றியது. கயிறு பொய்யாகிப்போனால் நிழல் இருக்கிறது. சந்தேகம் எலி மாதிரி. ஒரு வளையை அடைத்தால் இன்னொன்றில் தலையை நீட்டும்.

அடுத்த முறை நான்தான் போட்டேன். அவள் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். காற்றில் முடி பறந்தது. “ஸ்டேஷன் வந்துட்டுது. கொஞ்ச நேரம் நிக்கும். வெளிய வந்துட்டேன், இப்ப கட் ஆவாது. திட்டறதுன்னா திட்டு.”

“போட்டோ யாரு எடுக்கறது?”

“இன்னா?”

“உன் போட்டோல்லாம். யாரு எடுக்கறது?”

அவள் யாரையோ கை நீட்டி இழுத்தாள். ஒரு முகம் வந்தது. ஒட்ட வெட்டிய தலை, காதில் கம்மல், மூக்கில் பொட்டு மாதிரி ஒரு மூக்குத்தி. “எங்கூடப் படிக்கிற பொண்ணு. கேரளா. அம்மாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன், உன்கிட்ட சொல்லலியா?”

“சேட்டா, நமஸ்காரம்” என்றது அந்தப் பெண்.

நிழல் அதுதான். பின்னால் அம்மாவின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது. “ஆமா, சொன்னா. நான்தான் மறந்துட்டேன்.”

“பொண்ணா?” அத்தைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து என் தோள் மேலாக எட்டிப் பார்த்தார். “கிராப்பு வெட்டிக்கினு கீது!”

“அண்ணா. பின்னாடி யாரு அது?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. போனைத் திருப்பினேன். ஒவ்வொருவராகத் தெரிந்திருப்பார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயையோ. பொண்ணு வூட்டுக்காரங்களா?”

“ஆமா.”

“எவ்ளோ நேரமா?”

“மொதல்லேர்ந்து.”

முடிந்தது என்று நினைத்தேன். இப்படி வாய் பேசுகிற நாத்தனார் இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தாலி கட்டிக்கொண்டு ஓடியிருந்தால்கூடத் தேவலை என்று ஊர் சொல்லும்.

பெண்ணின் அப்பா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அதைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார். “அம்மா, அந்தக் குகையக் காட்டு.”

அவள் போனைத் திருப்பினாள். எல்லோரும் எழுந்து அவரைச் சுற்றி நின்றோம்.

மலை நேராகக் கடலில் இறங்கியது. நடுவில் மணல் இல்லை, ரோடு இல்லை. ஒரு பக்கம் தண்ணீர் பாறையில் மோதுகிறது. மலையின் அடியில் வளைவாக ஒரு துளை. ரயிலின் முன்பாதி அதற்குள் இருந்தது. கடைசிப் பெட்டிகள் மட்டும் வெளியே வெயிலில் நின்றன. குடையும் துண்டுமாக ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“மலை கடல்ல எறங்குது” என்றார்.

“ஆமாங்க.”

“சுத்தறதுக்கு எடமே இல்ல.”

“இல்லீங்க. அதான் கொடைஞ்சிக்கிறாங்க. ஒண்ணு முடிஞ்சா உடனே இன்னொண்ணு.”

அவர் நெடுநேரம் பார்த்தார். கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கிற மாதிரி, கண்ணைச் சுருக்கி.

“இதுக்குன்னு அவ்ளோ தூரமா? எதுக்கும்மா?”

“பாக்கத்தாங்க.”

“பாத்து?”

அலைச் சத்தம் கேட்டது. “நீங்க கூடத்தான் இப்ப பாத்துக்கினு கீறீங்க” என்றாள்.

அங்கே ஏதோ விசில் ஊதினார்கள். அவள் ஓடினாள், படம் குலுங்கியது. ஏறிக்கொண்டே கத்தினாள். “எங்க அண்ணன் நல்லவருங்க. கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. அவ்ளோ...”

இருட்டு.

பெண்ணின் அப்பா போனை என்னிடம் கொடுத்தார். மகனைப் பார்த்தார். “உன் தங்கச்சியும் உன்ன இப்படித்தானே திட்டுவா?”

“இதுக்கு மேல” என்றார் அவர்.

“ஆள் கீதுன்னு தெரிஞ்சி பேசினா நம்ப மாட்டேன். தெரியாம இல்ல பேசிச்சி.” அம்மா பக்கம் திரும்பினார். “கொஞ்சம் தண்ணி குடுங்க.”

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்படியே நின்றாள். “அக்கா, தண்ணி கேக்கறாரு” என்று மாமா அதட்டியதும்தான் ஓடினாள். சொம்பில் கொண்டுவந்ததை அவர் அண்ணாந்து குடித்தார். பிறகு கை கழுவ எழுந்தார்.

அவர் உட்கார்ந்தார். மகனும் உட்கார்ந்தார். அத்தை உட்காரவில்லை. மூத்தவர் ஒருவர் கை நனைக்காமல் போனாலும் அது கணக்கில் வராது. எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவும் கூடாது.

அத்தை பெண்ணின் அண்ணன் போனை வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பழைய படத்தை மறுபடியும் விரலால் பெரிதாக்கினார். கழுத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அந்தப் பொண்ணு ஊருக்கு வரும்ல?”

“படிப்பு முடிஞ்சி வந்துடும் அக்கா” என்றாள் அம்மா.

“வந்ததும் நான் நேர்ல பாப்பேன். கழுத்தையும் பாப்பேன்.”

“பாருங்க.”

“சட்னி இன்னா?”

“தக்காளி. தேங்காயும் அரைச்சிக்கிறேன்.”

அத்தை போனைக் கொடுத்துவிட்டு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் இட்லியைப் பிட்டு மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு சட்னியை முகர்ந்தார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். யாரையும் பார்க்கவில்லை. போதும் என்று இலையைக் கையால் மறைக்கவும் இல்லை. அம்மா இரண்டாவது ஈடு ஊற்றினாள், மூன்றாவது ஈடும் ஊற்றினாள். அத்தை இலையில் நான்தான் வைத்தேன். விருந்தாளி சாப்பிடுவதை எண்ணக்கூடாது என்பார்கள். எண்ணினேன்.

பதினொன்று.